நானூறு பேருக்கு ஒரு கடல்

பரிசில் ரெஸ்ரோரன்ட் குசினிகளில் நிற்கிற எங்கட ஆட்களுக்கு ஓகஸ்ட் மாதம் வந்தால்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். முதலாளிமார் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு மூன்று கிழமைக்கு எங்காவது போய்விடுவார்கள். நாங்களும் எங்காவது போகலாம். அப்படித்தான் 2022 ஓகஸ்டில் நான் மார்செய்க்குப் போனேன். அங்கே என்னோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். (ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகவே முடிக்காமலும் விட்டோம். அது வேறு கதை.)

"மச்சான், உன்னை ஒரு கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறன், நீ சீவியத்திலை இப்பிடி ஒண்டு கண்டிருக்கமாட்டாய்" என்றான் நண்பன். அவனுடைய இரண்டு பெடியளும் துவாய், சோடாப்போத்தல், பந்து எல்லாம் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். போன இடத்தின் பெயர் சுஜித்தோன்.

மார்செய்க்கும் கசிஸ் என்ற சின்ன ஊருக்கும் நடுவில் இருபது கிலோமீற்றர் அளவுக்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. மலைகளுக்கு இடையில் கடல் நாக்கை நீட்டின மாதிரி உள்ளே வருகிற ஒடுக்கமான குடாக்களைக் கலாங்க் என்று சொல்கிறார்கள். சுஜித்தோன் அவற்றில் ஒன்று. மற்றதுகளில் பலவற்றுக்குப் போக மணிக்கணக்காக மலையேற வேண்டும், அல்லது கார், படகு வேண்டும். சுஜித்தோனுக்கு நகரத்து பஸ்ஸில் லூமினி பல்கலைக்கழக வளாகம் வரைக்கும் போய், அங்கிருந்து முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் நடந்தால் போதும். அதாவது கார் இல்லாதவனும் ஒரு பஸ் ரிக்கற்றோடு போய்க் குளிக்கக்கூடிய கடல் அது.

அன்றைக்கு நாங்கள் குளிக்கவில்லை. கீழே இறங்குகிற பாதையில் பூங்காக் காவலர்கள் நின்றார்கள். "முன்பதிவு இருக்கிறதா மிசியே?" என்று கேட்டார்கள். எங்களிடம் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே நண்பனுக்குத் தெரியாது. போன வருடம் வந்தபோது இருக்கவில்லையாம்.

உண்மையைச் சொன்னால், சீருடை போட்ட ஒருவர் பாதையில் நின்று கடதாசி கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். விசா, பதிவு எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் செய்யும். அவர் கேட்டது ரெலிபோனில் ஒரு கியூஆர் கோட்தான். ஆனால் என்னுடைய கை தானாகக் காற்சட்டைப் பொக்கற்றில் அடையாள அட்டையைத் தேடியது. நண்பன் தமிழில் புறுபுறுத்தான்: "எங்களைப் பாத்துத்தான் மறிக்கிறாங்கள்." அந்த நேரம் பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தையும் அதே காவலர் அதே சிரிப்போடு திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு நண்பன் கதைக்கவில்லை.

திரும்பி வந்தபிறகு அந்தக் கோபத்திலேயே இந்த இடத்தின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கக் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

இந்தக் கலாங்க்குகளைக் காப்பாற்ற முதன்முதல் தெருவில் இறங்கியவர்கள் அரசாங்கமோ விஞ்ஞானிகளோ அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மலையில் நடக்கிற சாதாரண சனம். 1897ல் மார்செய் நடைப்பயணிகள் சங்கம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். கசிசுக்குப் பக்கத்தில் போர்-மியூ என்ற கலாங்க்கில் கல்லுடைப்பு நடந்தது. சோடா தயாரிப்பதற்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், சொல்வே கம்பனி அங்கே வெட்டத் திட்டம் போட்டது. 1910 மார்ச் 13ஆம் திகதி சில ஆயிரம் பேர் போர்-மியூவுக்கு நடந்துபோய் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பிரான்சில் இயற்கையைக் காப்பாற்றுவதற்காக நடந்த முதல் ஆர்ப்பாட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கை மிகவும் எளியது: இந்த மலையும் கடலும் நடக்கிறவர்களுக்கும் சொந்தம், எங்களை வெளியே விட்டுப் பூட்டாதே!

வென்றார்களா? இல்லை. கல்லுடைப்பு 1980களின் தொடக்கம் வரைக்கும் நடந்தது. இன்றைக்கும் போர்-மியூவுக்குப் போனால் வெட்டின மலையையும் கல் ஏற்றின இடத்தையும் பார்க்கலாம். ஆனால் அந்த நடைப்பயணிகள் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர்கள் தொடர்ந்தார்கள். 1975ல் கலாங்க் மலைத்தொடர் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாகியது. 2012 ஏப்ரல் 18ஆம் திகதி பிரான்சின் பத்தாவது தேசியப் பூங்காவாகியது. நிலத்தில் 8,500 ஹெக்டேயர், கடலில் 43,500 ஹெக்டேயர். கவனியுங்கள், நிலத்தைவிடக் கடல் ஐந்து மடங்கு.

பூங்காவானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மார்செய்க்கு வடக்கே கார்தான் என்ற ஊரில் அலுமினா ஆலை ஒன்று இருந்தது. பொக்சைற் மண்ணிலிருந்து அலுமினா எடுத்தபிறகு மிஞ்சுகிற சிவப்புச் சேற்றை, 1960களின் நடுவிலிருந்து குழாய் போட்டுக் கசிசுக்கு முன்னால் கடலடியில் இருக்கிற கசிதேன் என்ற ஆழப் பள்ளத்தாக்கில் கொட்டினார்கள். கோடிக்கணக்கான தொன். அந்தப் பள்ளத்தாக்கு இப்போது தேசியப் பூங்காவின் மையப்பகுதிக்குள் இருக்கிறது. 2012ல் பூங்கா வந்த பிறகும் சேறு போய்க்கொண்டுதான் இருந்தது. சேற்றைக் கொட்டுவது நின்றது 2015 முடிவில். ஆலைக் கழிவுநீருக்கு அதற்குப் பிறகும் அனுமதி கொடுத்தார்கள்.

துவாயோடு வந்த என் நண்பனின் பெடியளை மறிக்கத் தெரிந்த பூங்காவுக்கு இதை மறிக்க இவ்வளவு காலம் பிடித்ததா என்று நான் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். ஆனால் அதற்காகப் பெடியளை மறித்தது பிழை என்று ஆகிவிடாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

ஏன் மறித்தார்கள்? கோடையின் உச்ச நாட்களில் அந்தச் சின்னச் சுஜித்தோனுக்கு ஒரே நாளில் 2,500 பேர் வரைக்கும் வந்தார்கள். கடற்கரை என்று சொன்னாலும் அது ஒரு கூடத்துக்குள் அடங்குகிற கூழாங்கல் துண்டு. இடம் இல்லாதவர்கள் பக்கத்துச் சரிவுகளில் ஏறி இருந்தார்கள். அந்தச் சரிவில் மண் என்பது கல்லுக்கு மேலே கொஞ்சமே கொஞ்சம். அதில் அலெப்போ பைன் மரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆயிரம் சோடிக் கால்கள் மிதித்தால் மண் தளர்கிறது, மழை வந்தால் கடலுக்குள் போகிறது. வேர்கள் வெளியே வந்துவிட்டன. விழுந்த விதை முளைத்தாலும் கன்று ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. நிற்கிற கிழட்டு மரங்கள் விழுந்தால் அடுத்த தலைமுறை மரம் இல்லை. மரம் இல்லாவிட்டால் மண் இல்லை, மண் இல்லாவிட்டால் கல் உருளும். பக்கத்தில் இருக்கிற ஒரு இடத்துக்குப் பெயரே பியேர் தொம்பே, அதாவது விழுந்த கற்கள். யாரும் பயமுறுத்துவதற்காக வைத்த பெயர் இல்லை அது.

முதலில் 2021ல் அவர்கள் ஒரு விசித்திரமான வேலை செய்தார்கள். உல்லாசப் பயணிகளை வரச்சொல்லி விளம்பரம் செய்கிற உலகத்தில், வராதே என்று விளம்பரம் செய்தார்கள். தண்ணீர் குளிர், மணல் இல்லை, கக்கூஸ் இல்லை, நடை கஷ்டம், கோடையில் இப்படித்தான் சனம் நெருக்கியடிக்கும் என்று உண்மையான படங்களைப் போட்டார்கள். பிறகு 2022 யூன் 26ஆம் திகதியிலிருந்து சுஜித்தோனுக்கு முன்பதிவு கட்டாயம். முதலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பிறகு யூலை 10 தொடக்கம் ஓகஸ்ட் 21 வரை ஒவ்வொரு நாளும். ஒரு நாளைக்கு 400 பேர். காசு இல்லை, இலவசம். மூன்று நாளுக்கு முன்னால் காலை ஒன்பது மணிக்குப் பதிவு திறந்தது. ஒரு பதிவில் எட்டுப்பேர் வரை போக முடிந்தது. பதிவில்லாமல் போய்ப் பிடிபட்டால் 68 யூரோ தண்டம் என்றார்கள். அடுத்தடுத்த கோடைகளிலும் இது தொடர்ந்தது.

இதைவிடப் பழைய கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. யூன் 1 தொடக்கம் செப்ரெம்பர் 30 வரை, காற்றும் வெக்கையும் கூடிய நாட்களில் தீ அபாயம் என்று மலை முழுவதையும் பூட்டிவிடுவார்கள். மலைக்குள் சிகரெட் பற்றக்கூடாது. 1990 ஓகஸ்டில் வந்த தீ ஆயிரக்கணக்கான ஹெக்டேயரை ஒரேயடியாகத் தின்றது. அப்படி ஒரு தீ வரும்போது ஒடுக்கமான குடாவுக்குள், ஒரே ஒரு ஒற்றையடிப் பாதையோடு, இரண்டாயிரம் பேர் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் நெருப்பு, முன்னால் கடல்.

பின்னால் நெருப்பு, முன்னால் கடல் என்பது நம்மவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத விசயம்.

மார்செய் மலை எரிந்த அந்த 1990ல்தான் நாங்களும் ஊரைவிட்டு எழும்பினோம். எனக்குப் பத்து வயது. எங்கட வீடு கீரிமலைக்குப் பக்கத்தில். கீரிமலைக் கேணியைத் தெரியாத யாழ்ப்பாணத்தான் இருக்கமாட்டான். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற நன்னீர் ஊற்று, ஒரு சுவருக்கு அங்கால் உப்புக்கடல். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. சவர்க்காரம் போட்டால் கிழவர்கள் ஏசுவார்கள். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யச் சனம் குவியும். அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கின படி இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. (போர்-மியூவிலும் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியால் ஓர் ஆறு வந்து கடலுக்குள் கலக்கிறது என்று வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. கல் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். கல்லை வெட்டின கதையும் ஒன்றுதான். போர்-மியூவில் சோடாவுக்கு வெட்டினார்கள், எங்கள் பக்கத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துக்கு வெட்டினார்கள்.)

1990ல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பியது. பிறகு அந்தப் பகுதிக்கு வந்த பெயர் உயர் பாதுகாப்பு வலயம். அந்தப் பெயரைத்தான் நான் மார்செயில் நின்று யோசித்தேன். சுஜித்தோனும் பாதுகாக்கப்பட்ட பகுதி. எங்கட ஊரும் பாதுகாப்பு வலயம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இரண்டிலும் கடலுக்குப் போகிற பாதையில் சீருடையோடு ஆள் நிற்கிறார். இரண்டிலும் கடதாசி கேட்கிறார்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது?

நான் பல்கலைக்கழகத்தை முடிக்காதவன். என்னுடைய அறிவுக்கு எட்டினதைச் சொல்கிறேன். ஒரு தடையைக் கண்டால் நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். முதலாவது, எதைப் பாதுகாக்க என்று சொல்லியிருக்கிறதா? சுஜித்தோனில் சொல்லியிருக்கிறது: இந்த மண், இந்த வேர், இந்தக் கன்று. போய்க் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது, கணக்கு எல்லோருக்கும் ஒன்றா? 400 என்றால் மேயருக்கும் 400க்குள் ஒன்று, எனக்கும் 400க்குள் ஒன்று. மூன்றாவது, எப்போது முடியும் என்று திகதி இருக்கிறதா? ஓகஸ்ட் 21 என்று போட்டிருந்தார்கள். அடுத்த நாள் பாதை திறந்தது.

எங்கட ஊரில் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கவில்லை. பாதுகாப்பு யாருக்கு என்று சொல்லவில்லை. வலயத்துக்குள் இருந்தவர்கள் ஆமிக்காரர், வெளியே இருந்தவர்கள் காணி உறுதி வைத்திருந்தவர்கள். முடிவுத் திகதி இல்லை. 2009க்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் விட்டார்கள். அப்பா அந்தத் திகதியைக் காத்திருந்தே கண்ணை மூடினார். கீரிமலைக்கு அஸ்தி கொண்டுபோகலாமா என்று கேட்டுத்தான் கொண்டுபோனார்கள். நான் இங்கே இருந்து ரெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சிலர், ஐரோப்பாவில் கட்டுப்பாடு என்று யாராவது சொன்னவுடன், "பார், வெள்ளைக்காரனும் அடக்குமுறைதான் செய்யிறான்" என்று கதைக்கும்போது எனக்கு ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அதேபோல "வெள்ளைக்காரன் செய்தால் எல்லாம் சரி" என்பதையும் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிவப்புச் சேற்றை மறந்துவிடக்கூடாது. கார் இல்லாத சனத்துக்கு பஸ்ஸில் போகக் கிடைத்த கடலில்தான் முதல் கட்டுப்பாடு வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. காலை ஒன்பது மணிக்கு ரெலிபோனோடு இருக்க முடியாதவனுக்கு அந்த 400க்குள் இடம் கிடைப்பது கஷ்டம். அது சரியான முறைப்பாடுதான். அதைச் சொல்லவேண்டும். ஆனால் பூட்டைத் திற என்பதல்ல அதற்கு மருந்து, பதிவை எல்லோருக்கும் எட்டச் செய் என்பதுதான்.

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். சுஜித்தோனுக்குப் பக்கத்துக் கலாங்க் மோர்ஜியூ. அந்த முனையில் கடலுக்கு அடியில் 37 மீற்றர் ஆழத்தில் ஒரு குகை வாசல் இருக்கிறது. ஒன்றி கொஸ்கேர் என்ற சுழியோடி 1985ல் அதைக் கண்டுபிடித்தார். நூறு மீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்தால் நீந்திப் போனால், உள்ளே தண்ணீருக்கு மேலே சுவரில் குதிரை, மாடு, கடற்பறவை ஓவியங்கள். மனிதக் கைகளின் அச்சுகள். அவற்றில் மிகப் பழையவை 27 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அந்தக் காலத்தில் கடல் நூறு மீற்றருக்கு மேல் கீழே இருந்தது, கரை பல கிலோமீற்றர் தள்ளி. கொஸ்கேர் அதைப்பற்றிக் கனகாலம் வெளியில் சொல்லவில்லை. 1991 செப்ரெம்பரில் மூன்று சுழியோடிகள் அந்தச் சுரங்கத்துக்குள் வழிதவறி இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் குகையை அதிகாரிகளுக்குப் பதிவு செய்தார், வாசலையும் அடைத்தார்கள். அறிவித்தல் பலகை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி யாரோ ஒருவருடைய வீட்டுச் சாவு இருக்கலாம். குகையின் மாதிரியை நகரத்தில் கட்டி 2022 யூனில் திறந்தார்கள். சுஜித்தோனுக்கு 400 பேர் என்ற கணக்கு வந்ததும் அதே யூனில்தான்.

சரி, கடைசியில் நான் குளித்தேனா?

குளித்தேன். அடுத்த வருடம், 2023 ஓகஸ்டில். கடை பூட்டுகிற கிழமை, காலை ஒன்பது மணிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது ரெலிபோனைத் தட்டித் தட்டி ஐந்து பேருக்கு இடம் எடுத்தேன். வெங்காயத்தால் கண்ணீரும் வந்தது, சந்தோசத்தால் வந்தது என்று செஃப் நினைத்தார். முதல்நாள் பின்னேரம் தீ அபாயப் படத்தைப் பார்த்தோம், பாதை திறந்திருந்தது. மலைக்குள் குடிதண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது என்பதால் ஆளுக்கு இரண்டு லீற்றர் தூக்கினோம். செருப்போடு வந்த நண்பனின் சின்னவனைத் திருப்பி அனுப்பிச் சப்பாத்துப் போடவைத்தேன், அந்தக் கல் பாதை வழுவழுவென்று கண்ணாடி மாதிரி.

கோட்டைக் காட்டினோம். காவலர் ஒரு சத்தம் கேட்கும்வரை பார்த்தார், "நல்லாய்க் குளியுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

கீழே சரிவுகளில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அந்தப்பக்கம் யாரும் இல்லை. முழங்கால் உயரத்துக்குக்கூட வராத பைன் கன்றுகள் சிலதைக் கண்டேன். முதல்நாள் மிஸ்திரால் காற்று அடித்திருந்தது. அந்தக் காற்று மேல்தண்ணீரை வெளியே தள்ளிவிட, அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். ஓகஸ்ட் மாதத்திலும் ஐஸ்பெட்டிக்குள் இறங்கின மாதிரி இருக்கும். பெரியவன் கல்லில் ஏறிக் குதிக்கப்போனான். "தம்பி, இறங்கு. முதலிலை காலை நனை, பிறகு கையை, பிறகு நெஞ்சை. இஞ்சை உயிர்காப்பாளன் இல்லை" என்றேன். "மாமா, நீங்கள் பெரிய பயந்தாங்கொள்ளி" என்றான். ஓம், பயந்தாங்கொள்ளிதான். குளிர்த்தண்ணீர் திடீரென்று பட்டால் மூச்சு அடைக்கும், நல்ல நீச்சல்காரனுக்கும் அடைக்கும். அவன் ஏசிக்கொண்டே படிப்படியாக இறங்கினான். இறங்கினவன் இடுப்பளவில் நின்று கத்தின கத்தலில் கலாங்க் முழுக்க எதிரொலித்தது.

நானும் இறங்கினேன். முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு, சுண்ணாம்புக்கல் மணக்கிற தண்ணீருக்குள். அன்றைக்கு அந்தக் கடலில் நானூறு பேருக்கு மேல் இல்லை. அதில் ஐந்து பேர் நாங்கள்.

கீரிமலைக்கு இப்போது போகலாம் என்கிறார்கள். போவேன். கேணியில் சவர்க்காரம் போடக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்தால் சந்தோசமாகக் கேட்டு நடப்பேன்.